குதிரைக்கழுத்துக் கணவாய் மூடியிருக்கிறது

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் கடல். அப்படிப்பட்டவள் கடலே இல்லாத ஒரு நாட்டில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றதும் அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி பிரிசில்லா, மீனு மணக்காத ஊருல போயி என்னத்தத் தின்னுட்டுக் கெடப்ப?"

சம்பளம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் என்னை இழுத்தது பனி. வானிலை படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். அதுவரை பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த நாட்டின் பெயர் தர்வான். உலகப்படத்தில் அதன் மேல் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும். சுற்றிலும் மலை, மேற்கே ஒரு வல்லரசு, கிழக்கே ஒரு வல்லரசு. உப்பிலிருந்து ஊசிமருந்து வரை எதுவாக இருந்தாலும் இந்த இருவரில் ஒருவர் மனசு வைத்தால்தான் உள்ளே வரும். தர்வான்காரர்கள் அந்த இரண்டு நாடுகளின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள். மேற்கே இருப்பது மேல்வீடு, கிழக்கே இருப்பது கீழ்வீடு. சின்னக் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும்.

என்னை வேலைக்கு எடுத்தவர் அந்த நாட்டின் வெளியுறவுச் செயலாளர் இல்தார்பெக். இளம்வயதில் கோயம்புத்தூரில் நான்கு வருஷம் விவசாயம் படித்தவர். விடுதிச் சாப்பாட்டோடு தமிழையும் சேர்த்துத் தின்றிருக்கிறார் போல, கொங்குத் தமிழ் அவர் நாக்கில் அப்படிப் புரண்டது. வானிலை ஆளை வெளியுறவுத் துறை ஏன் தேடுகிறது என்று முதல் நாளே கேட்டேன்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு உங்கூர்ல சொல்லுவாங்களே, டாக்டரம்மா, அந்த மத்தளம் நாங்கதானுங்க," என்றார். "ஆயிரம் வருஷமா எங்களக் காப்பாத்துனது ராஜாவும் இல்ல, பட்டாளமும் இல்ல. பனிதானுங்க. வருஷத்துல அஞ்சு மாசம் கணவாய் மூடிக்கும். ஆராச்சும் படை நடத்த வழி கேட்டா, 'தாராளமா வாங்க, பனி வுட்டாப் போதும்'னு எழுதிப்போடுவோம். பனி மேல ஆரு கோவிச்சுக்க முடியும்?"

"இப்பதான் பூமி சூடாகி மலையில பனியே விழுறதில்லையே."

"அதுக்குத்தானுங்க நீங்க. பன்னெண்டு வருஷம் முன்னால, டிசம்பர் மாசத்துல கணவாய் தொறந்து கெடந்துச்சு. மேல்வீடு பயிற்சின்னு சொல்லிட்டு உள்ள வந்தாங்க. பதினாலு மாசம் போகவே இல்ல. எங்கப்பா பள்ளிக்கூட வாத்தியாருங்க. அவரப் பொதைச்ச எடங்கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவர் அதை அழாமல் சொன்னார். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை இதுதான். மேகத்துக்குள் ஒரு வகைத் தூளைத் தூவினால் மேகம் தன் சுமையை அங்கேயே கொட்டும். இது பழைய வித்தை. புதிதாக நாங்கள் கண்டுபிடித்தது, எந்த மலையின் எந்த வளைவில் கொட்ட வேண்டும் என்று மேகத்துக்குச் சொல்லும் கணக்கு. ஆளில்லா விமானம் பதினைந்து, தூள் நாலு மூட்டை, ஐந்து மணி நேரம். கணவாயில் ஆள் உயரத்துக்கு மேல் பனி. பார்ப்பவனுக்கு அது வானம் அனுப்பியது. பிறகு நான் 'பனி அறிக்கை' எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இரண்டு வீடுகளுக்கும் போகும். தர்வான்காரன் கையெழுத்தை எந்த வீடும் நம்பாது. எந்த வீட்டோடும் ஒட்டும் உறவும் இல்லாத, ஆயிரம் மைலுக்கு அப்பால் கடற்கரையில் பிறந்த ஒருத்தியின் கையெழுத்தை நம்புவார்கள். என்னைப் பிடித்ததே அதற்குத்தான் என்று புரிந்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் நல்ல பொய் என்று நினைத்தேன். யாருக்கும் அடிபடாத பொய். இரண்டு வருஷம் மனசாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஊரில் எனக்கு ஆறுதலாக இருந்தது நவமணியின் மெஸ். நாமக்கல்காரி. அவள் கணவன் செங்கோடன் கணவாய் வழியாக லாரி ஓட்டுகிறவன். அவனோடு வந்தவள், லாரிப்பேட்டை வாசலில் இட்லிச்சட்டியை ஏற்றிவிட்டாள். அந்தக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கிறது என்று கேட்டால், "லாரி இஞ்சின் மேல போர்வை போத்தி வெச்சிருவனுங்க்கா," என்பாள். செங்கோடன் பேட்டைக்குள் நுழையும்போதே காற்று ஹாரனை மூன்று தரம் அடிப்பான், கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. தட்டு போடு என்று அர்த்தம். அவனை எல்லாரும் திட்டுவார்கள், அவன் சிரித்துக்கொண்டே கை கழுவுவான்.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் மேல்வீட்டிலிருந்து கடிதம் வந்தது. பயிற்சிக்காகப் படை ஒன்று தர்வானைக் கடந்து கீழ்வீட்டு எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். பத்து நாளைக்குள், மேல்வீட்டு எல்லையில் இருக்கும் குதிரைக்கழுத்துக் கணவாயில் வழி வேண்டும். வழி கொடுத்தால் கீழ்வீடு உள்ளே வரும். கொடுக்காவிட்டால் மேல்வீடு சும்மாவே உள்ளே வரும். இல்தார்பெக் வழக்கம் போல மிக மரியாதையாக, வருக வருக என்று பதில் எழுதினார். நான் விமானங்களுக்குத் தூள் ஏற்றினேன்.

கணவாயில் ஆள் இருக்கக்கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. இரண்டு பக்க வாசலையும் மூடி, உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் ஒன்றுக்கொன்று சரியா என்று பதிவேட்டில் பார்த்துச் சொல்வார்கள். அன்றைக்கும் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்றார்கள். மத்தியானம் பனி இறங்கியது.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரையில் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் எடுக்காத அந்தக் கணவாயின் நடுவில் லாரிகள் ஒதுங்குவதற்கு ஒரு கான்கிரீட் கொட்டகை உண்டு. அதன் கூரையில் என் கருவிக்கம்பம். அந்தக் கருவி ஒலியை வைத்துக் காற்றை அளப்பது. பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டால் அதையும் காற்று என்று எழுதிவிடும். காற்றே இல்லாத அந்த நேரத்தில் திரையில் மூன்று கோடுகள் எழும்பின. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த நாட்டிலேயே நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் மறுபடி ஆறு மணிக்கு அதே கோடுகள். திரையைப் படம் எடுத்துக்கொண்டு இல்தார்பெக்கிடம் ஓடினேன். அவர் என் எதிரிலேயே வாசல் அதிகாரியைக் கூப்பிட்டுப் பதிவேட்டைப் படிக்கச் சொன்னார். பிறகு அந்த மனிதர் விஷயத்தைச் சொன்னார். இல்தார்பெக்கின் முகம் சாம்பலாக மாறியது.

தர்வானில் ஒரு பழக்கம் உண்டு, சட்டத்திலேயே இல்லாத பழக்கம். ஒரு நாளில் மேல்வீட்டிலிருந்து எத்தனை லாரி வருகிறதோ, கீழ்வீட்டிலிருந்தும் அத்தனையே வந்ததாகப் பதிவேடு காட்ட வேண்டும். ஒரு வண்டி கூடினால் போதும், அவர்கள்மேல் உங்களுக்கு அவ்வளவு பாசமா என்று அடுத்த வீடு கடிதம் போடும். அதனால் கூடுதல் வண்டியை உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் பக்கத்தில் எழுதுவார்கள். அன்றைக்குக் கீழ்வீட்டிலிருந்து நாற்பது, மேல்வீட்டிலிருந்து நாற்பத்து மூன்று. அந்த மூன்று லாரிகளும் கணவாய்க்குள் இருந்தன. பதிவேட்டின்படி அவை இன்னும் புறப்படவே இல்லை.

"மூணு டிரைவருங்க," என்றார் இல்தார்பெக். "ரெண்டு பேரு எங்காளுங்க. ஒருத்தரு செங்கோடன்."

"பத்துப் பேர நடந்து போவச் சொல்லுங்க. ராத்திரிக்குள்ள கூட்டியாந்துரலாம்."

"மேல்வீட்டுக் கேமரா இருவத்தினாலு மணி நேரமும் மேல சுத்திக்கிட்டு இருக்குதுங்க. பத்துப் பேரு நடந்து போற எடத்துல பட்டாளம் நடக்காதான்னு கேப்பாங்க."

"அப்ப உண்மையச் சொல்லிருங்க. ஆள் மாட்டியிருக்குன்னு சொல்லுங்க."

"சொன்னா அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்னு நெனைக்கறீங்க? 'அய்யோ பாவம், நாங்க காப்பாத்தித் தர்றோம்'னு வருவாங்க. ரெண்டாயிரம் பேரு, பனி அள்ளுற வண்டியோட வாசல்ல நிக்கறாங்க. அவங்களுக்கு வேணுங்கறதே அந்த ஒரு வார்த்தைதானுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டிரைவருங்ககிட்ட அடுப்பு இருக்குது, அரிசி இருக்குது, கொட்டகை இருக்குது. பதினொண்ணாம் நாளு படை திரும்பிரும். நானே மண்வெட்டிய எடுத்துட்டுப் போறனுங்க. அதுவரைக்கும் தாங்குவாங்க."

தாங்குவார்கள் என்று எனக்கும் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று நினைத்தேன், அதனால் தோன்றியது. அன்றைய பனி அறிக்கையில், 'கணவாய் மூடியிருக்கிறது, உள்ளே எவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவமணி கலகலவென்று இருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு லாரி இன்னும் கெளம்பவே இல்லைனு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கக்கா. மேல்வீட்டுப் பக்கமே நிறுத்தி வெச்சிருப்பாங்களாட்ட இருக்குது. நல்ல வேளைங்க, இந்தப் பனியில மாட்டியிருந்தா என்னாவறது?"

"ஆமாம்மா," என்றேன். இட்லியை முடிக்காமல் எழுந்தேன்.

மூன்றாம் நாளும் காலையும் மாலையும் ஹாரன் அடித்தது. நான்காம் நாள் வெயில் வந்தது. அப்படி ஒரு வெயில். காலை ஒன்பது மணிக்கே மலை முழுக்கக் கண் கூசியது. பத்தடிப் பனி இறுகி, அதன் மேல் மனிதன் நடக்கலாம் என்ற நிலை. மேல்வீட்டிலிருந்து செய்தி: வெயில் வந்துவிட்டதால் பனி அள்ளும் வண்டிகளை நாளைக் காலை அனுப்புகிறோம், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

இல்தார்பெக் என் அறைக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"மத்தியானம் மூணு மணிக்கு இன்னொரு தரம் பனி எறக்கோணுங்க."

"அவங்க மூணு பேரும் இப்ப நடக்க ஆரம்பிச்சிருவாங்க. வெயிலப் பாத்துட்டு உள்ள உக்காந்திருக்க அவங்க என்ன கிறுக்கா?"

"அதுக்குத்தானுங்க வந்தேன். உங்க கம்பத்துல சைரன் இருக்குது."

இருந்தது. பனிச்சரிவு எச்சரிக்கைக்காக வைத்தது. சைரன் கேட்டால் கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது, ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். லாரி உரிமம் வாங்கும்போதே டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது.

"இப்ப மணி பத்து," என்றேன். "நம்ம பக்கத்துக் கிழக்கு வாசலுக்கு ஏழு கிலோமீட்டர், எறக்கம். நாலு மணி நேரத்துல வந்துருவாங்க. பனிக்கு முன்னால வந்துருவாங்க சார்."

"வந்துருவாங்க. கேமராவுல தெரியும். தெரிஞ்சா, உள்ள ஆளே இல்லைனு நாலு நாளா நீங்க எழுதுனது பொய்யாயிரும். உங்க கையெழுத்து பொய்யின்னு ஆயிட்டா எங்ககிட்ட வேற என்னங்க இருக்குது? பதினாலு வருஷம் முன்னால செத்தது நாலாயிரம் பேருங்க." கதவுப் பக்கம் நடந்தார். "நான் உத்தரவு போட மாட்டனுங்க. சைரன் உங்க கையில இருக்குது. அடிச்சா உள்ள இருப்பாங்க. அடிக்காட்டி நடப்பாங்க. நான் வெளிய நிக்கறேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் உத்தரவு போட்டிருந்தால் இன்றைக்கு அவரைச் சபித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் பேரை யோசித்தேன். லாரிப்பேட்டையில் விளையாடுகிற பிள்ளைகளை யோசித்தேன். என் கையெழுத்தையும் யோசித்தேன். பொய் வெளிப்பட்டால் முதலில் பிடிபடுவது நான்தான். இந்த மூன்றில் எது கனமாக இருந்தது என்று இன்று வரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினொன்றாம் நாள் வரை அரிசி இருக்கிறது, கொட்டகை கான்கிரீட், உள்ளே இருப்பதுதான் அவர்களுக்கும் பத்திரம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பொத்தானை அழுத்தினேன். ஒரே நீளமாக அடித்தால் எந்திரம் தானாகக் கத்துவதாக நினைத்துவிடுவார்கள். அதனால் மூன்று தரம் அடித்தேன். நிறுத்தி, மறுபடி மூன்று. உன் சத்தம் கேட்டது, உன்னை மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். அந்த நிமிஷம் என் மனதில் இருந்தது இரக்கம்தான். அதில் பொய் இல்லை.

உடனே திரையில் கோடுகள் துள்ளின. மூன்று, மூன்று, மூன்று என்று நிறுத்தாமல். சந்தோஷத்தில் அடித்திருக்கிறான்.

மூன்று மணிக்குப் பனி இறங்கியது. நான் கணக்கிட்டதைவிட அரை மடங்கு அதிகம். பழைய பனியின் மேல் புதுப்பனி நிற்காமல் சரிந்து கொட்டகை வாசலை மூடியது. எவ்வளவு உயரத்துக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று மாலை ஹாரன் அடித்தது. ஐந்தாம் நாளும் அடித்தது, கொஞ்சம் மெலிந்து. ஆறாம் நாள் காலையில் ஒரு கோடு, ரொம்பச் சின்னது. மாலையில் திரை சமமாக இருந்தது. ஏழு மணி வரை, எட்டு மணி வரை பார்த்தேன். காற்றுகூட வரவில்லை.

அதற்குப் பிறகும் ஐந்து நாள், 'உள்ளே எவரும் இல்லை' என்று எழுதினேன். அப்போது அது உண்மையாகிவிட்டிருந்தது.

பதினொன்றாம் நாள் மேல்வீட்டுப் படை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு திரும்பியது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. கீழ்வீட்டிலிருந்து நல்லெண்ணமாக இரண்டு பெட்டி பாதாம்பருப்பு வந்தது. இல்தார்பெக் சொன்னது போலவே மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போனார், நானும் போனேன். கொட்டகைக்குள் மூன்று பேரும் ஒரே லாரியின் முன்அறையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புப் புகை வெளியே போக வழி இல்லாமல் போயிருக்கிறது. அரிசி பாதி மூட்டை மிச்சம். மூன்று பேர் காலிலும் நடைக்கான ஷூ, கயிறு இறுக்கிக் கட்டியபடி. தோள்பைகள் மடியில் இருந்தன. இல்தார்பெக் அந்த ஷூக்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை.

பதிவேட்டின்படி, அவர்கள் தடையை மீறி மறுநாள் உள்ளே நுழைந்தவர்கள். அறிக்கையும் அப்படியே போனது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் தினமும் ஆறு மணிக்கு என் கை தானாக மடிக்கணினியில் அந்தக் கம்பத்தின் திரையைத் திறக்கிறது. வெறும் காற்றில் மூன்று கோடு எழுந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். அது நாலாவது கோட்டையும் போட்ட பிறகுதான் காற்று என்று தெரியும். கோடு எழாத நாளில் இன்னும் மோசம். பத்து மணி, ஏழு கிலோமீட்டர், நாலு மணி நேரம், இரண்டு மணிக்கு வாசல். இந்தக் கணக்கை எத்தனை ஆயிரம் தரம் போட்டிருப்பேன்? ஒவ்வொரு தரமும் அவர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நவமணி சொல்லி அனுப்பினாள். போனேன். மெஸ்ஸில் வேறு யாரும் இல்லை. வெள்ளைச் சேலையில் அவளைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. என்னை உட்காரவைத்து, செங்கோடனின் போனை மேசையில் வைத்தாள். கம்பெனியில் அன்றைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"இதுல அவரு பேசியிருக்காருங்க்கா. தனியாக் கேக்கத் தெம்பில்ல. நீங்க கூட இருங்க."

செங்கோடன் பேசினான். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நவமணி, இன்னைக்கு நாலாவது நாளு. நல்ல வெயிலு. வாசப் பக்கம் பனிய வெட்டி வழி பண்ணிட்டோம். நடந்தே வந்தர்லாம்னு ஷூவெல்லாம் மாட்டிக் கெளம்பிட்டோம். அதுக்குள்ள சைரன் அடிச்சுட்டாங்க. மூணு, மூணு. நான் அடிக்கறாப்பலயேதான். ஆருக்கோ என்ற ஹாரன் கேட்டிருக்குது, புள்ள. வர்றாங்க. அதனால போகாம உக்காந்துட்டோம். நீ பயந்துக்காத. ரசம் மட்டும் வெச்சு வையி."

போன் நின்றது. நவமணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அநாதையாப் போயிட்டாரோன்னு இத்தன நாளு வெந்துட்டு இருந்தனுங்க்கா. இல்லீங்க. கடேசி வரைக்கும் ஆரோ வர்றாங்கன்னு நம்பிட்டுத்தான் இருந்திருக்காரு. அந்தச் சைரன அடிச்சது ஆருன்னு தெரிஞ்சாப் போதும், கால்ல உழுந்து கும்புட்டுருவேன்."

"நான்தான்," என்றேன். "நான்தான் அடிச்சேன், நவமணி."

சொல்லிவிட்டேன். மீதியையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கை முழுக்க ஈரம்.

"எனக்குத் தெரியுமுங்க்கா. அது நீங்களாத்தான் இருப்பீங்கன்னு மனசு சொல்லிட்டே இருந்துச்சு. எங்களுக்கு இங்க வேற ஆரு இருக்கறாங்க?"

"நவமணி, நான் சொல்றதக் கேளு."

"எதுவும் சொல்ல வேண்டாமுங்க. மொதல்ல சாப்புடுங்க."

தட்டில் இட்லி வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.